ஆழத்தில் தாங்கியது, இடுப்பளவுத் தண்ணீரில் ஒழுகியது: ஒரு மெட்டல் டிடெக்டரின் நிகழ்வு ஆய்வு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் என் மேசைக்குக் கோடைக்காலத்தில் கடல் தண்ணீர் குடித்த கருவிகள் நிறைய வரும். அப்படி வந்த மெட்டல் டிடெக்டர்களில் ஒன்றை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். அதைத் திறந்து பார்க்கும் முன்பே அதன் கதை முன்னுக்குப் பின் முரணாக இருந்தது.

கருவி 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று சொல்லி விற்கப்படும் வகை. உரிமையாளர் ஓய்வுபெற்ற மெக்கானிக்கல் பொறியாளர், நம்மூர்க்காரர், கைவேலை தெரிந்தவர். விடியற்காலையில் கண்ணாடியும் ஸ்நார்கெலும் மாட்டிக்கொண்டு 2 மீட்டர் ஆழம்வரை மூழ்கித் தேடியிருக்கிறார். அப்போதெல்லாம் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. ஒரு பிப்ரவரி மதியம் காட்டஸ்லோ கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தபோது திரையில் பனி படர்ந்தது. கருவி காரணமில்லாமல் கத்தத் தொடங்கியது, பிறகு தானாக அணைந்து அணைந்து எரிந்தது, கரை சேர்வதற்குள் செத்துவிட்டது.

“தம்பி, சந்தேகமா இருந்த எல்லா ஓட்டையையும் நானே அடைச்சிருக்கேன். தண்ணி போக வழியே கிடையாது. அப்புறம் எப்படிப் போச்சு?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விடை கிடைக்க அந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வாங்கிய பிறகு செய்த மாற்றங்கள்

மூன்று வேலைகள் நடந்திருந்தன. முதலாவது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கச் சுவரில் துளையிட்டு கடையில் கிடைக்கும் நீர்புகாக் கனெக்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். தயாரிப்பாளர் விற்கும் நீருக்கடி ஹெட்போன் விலை அதிகம் என்பதால் தன்னிடம் இருந்த வேறொன்றை மாட்டுவதற்காக. இரண்டாவது, ஸ்பீக்கரின் முன்னால் இருந்த சிறு துளைகளைச் சிலிக்கோன் சீலன்ட் வைத்து முழுதாக மூடியிருந்தார். ஹெட்போன் இருக்கும்போது ஸ்பீக்கர் எதற்கு, திறந்திருக்கும் துளை எதற்கு என்பது அவர் கணக்கு. மூன்றாவது, பேட்டரி மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தளர்ந்த மாதிரித் தெரிந்ததால் கடையில் கொஞ்சம் தடிமனான ஓ-ரிங் வாங்கிப் போட்டிருந்தார். இன்னும் இறுக்கமாக உட்காரட்டும் என்று.

இவற்றில் எது குற்றவாளி என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் துளையிட்ட இடத்தைத்தான் காட்டுவார்கள். அந்தத் துளை ஒழுகவில்லை. அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். துளையின் விளிம்பு மழுங்காமல், கனெக்டர் உட்காரும் பரப்பு தட்டையாக, ரிங் முறுக்கில்லாமல் இருந்தது. அந்த இடத்தை மட்டும் தனியாகச் சோதித்தபோதும் காற்று கசியவில்லை. ஆனால் நட்டு கழலாமலிருக்க மரையில் திருகுப் பசை விட்டிருந்தார். உலோகத்துக்கு அது நல்லது, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. இறுக்கத்தில் நிற்கும் பிளாஸ்டிக்கில் அந்தப் பசை பட்டால் நுண்ணிய வெடிப்புகள் வரும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். துளையைச் சுற்றி மயிரிழைகள் போல வெடிப்புகள் கிளம்பியிருந்தன. எதுவும் சுவரின் மறுபக்கம் வரை போகவில்லை. இன்னொரு கோடை தாண்டியிருந்தால் போயிருக்கும்.

உள்ளே என்ன இருந்தது

பேட்டரி மூடியைக் கழற்றியதும் அறையின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. சாய்த்து அளந்தால் இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரி முனைகளில் வெள்ளை உப்பும் அதன் ஓரத்தில் பச்சையும் பூத்திருந்தன. கம்பிகள் செல்லும் வழியாக ஈரம் சர்க்யூட் போர்டுக்கு ஏறியிருந்தது. பேட்டரியின் நேர்முனைப் பக்கத்துச் செப்புத் தடங்கள் சில இடங்களில் கரைந்தே போயிருந்தன. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உப்புத் தண்ணீர் பட்டால் இதுதான் கதி. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். நேர்முனையில் இருக்கும் செம்பு அயனியாகக் கரைந்து வெளியேறும். வெறும் துருவாக இருந்தால் நாள் கணக்காகும், இது நிமிடக் கணக்கில் நடக்கும். ஆகவே திரையில் பனி தெரிந்த அந்த நொடியிலேயே கருவியை அணைத்து, கழற்ற முடிகிற வகையாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசி கொஞ்சம் ஈரத்தை வேண்டுமானால் இழுக்கும், உப்பை இழுக்காது. தங்கிவிட்ட உப்பு காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி உறிஞ்சி, அரிப்பைத் தொடர வைக்கும். கனிமம் நீக்கிய தண்ணீரில் கழுவி, அடர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, மெதுவாகக் காய வைப்பதுதான் வழி.

ஸ்பீக்கர் பக்கம் வேறு காட்சி. அங்கே தண்ணீர் ஏறிய தடம் இல்லை, உப்புப் படிவும் இல்லை. ஆனாலும் செப்பு முனைகள் நீலப்பச்சையாகியிருந்தன. சீலன்ட் டியூபைக் கொண்டுவரச் சொல்லி மூடியைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தது. குளியலறைக்குப் பயன்படும் மலிவு சிலிக்கோனில் பெரும்பாலானவை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுபவை. காற்றோட்டமில்லாத சிறு பெட்டிக்குள் அந்த ஆவி செம்பைத் தின்னும். எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் சிலிக்கோன் வைத்தே ஆகவேண்டுமென்றால் ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்டிருப்பதை மட்டுமே வாங்க வேண்டும். இந்த அரிப்பு கருவியைக் கொல்லவில்லை. கடலே காணாத ஒரு கருவியையும் சீலன்ட் மட்டுமே கெடுத்துவிட முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஒழுகிய இடத்தைப் பிடித்தது

நீர்புகாப் பெட்டியைச் சோதிக்கும்போது பலர் உள்ளே காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். டயர் டியூபுக்கு அது சரி. கடலில் அழுத்தம் வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது. உள்ளே காற்றடித்தால் மூடியும் ரிங்கும் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும், நல்ல மூடிகூடக் கசியும். உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சிப் பார்ப்பதே கடலின் நிலைமைக்கு நெருக்கம். கார் பிரேக் ஆயில் மாற்றும் கை வாக்குவம் பம்ப் போதும், விலையும் அதிகமில்லை.

போர்டை வெளியே எடுத்துவிட்டு, கனெக்டர் இருந்த துளையில் குழாயைப் பொருத்தி, 100 மில்லிபார் அளவுக்கு (ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம்) உறிஞ்சினேன். முள் கண்ணெதிரே திரும்பி இறங்கியது. கசிவு உண்டு. அடுத்து 300 மில்லிபார் வரை இழுத்தேன். இறங்கும் வேகம் குறைந்தது! அதிகமாக உறிஞ்சினால் கசிவு அதிகமாக வேண்டும். இங்கே தலைகீழாக நடந்தது. காலையில் 2 மீட்டர் ஆழத்தில் தாங்கியதையும் மதியம் இடுப்பளவில் கைவிட்டதையும் இணைக்கும் முடிச்சு இதுதான் என்று அப்போதே தோன்றியது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க டிஷ்யூ பேப்பரைக் கீற்றுகளாகக் கிழித்து, பவுண்டன் பேனா மையால் ஓரங்களில் புள்ளி வைத்து, மூடியின் உள்விளிம்பு நெடுக ஒட்டினேன். மூடியைத் திருகி, பம்பை மாட்டி, உறிஞ்சிய நிலையில் வாளித் தண்ணீரில் அமுக்கினேன். வெளியே எடுத்துத் திறந்தபோது, நீண்ட பக்கத்தின் நட்டநடுவில், இரண்டு திருகுகளுக்கும் இடையில் இருந்த புள்ளிகள் மட்டும் கரைந்து ஓடியிருந்தன. மற்ற இடங்களில் மை அப்படியே இருந்தது.

வெர்னியரால் அளந்தேன். ஓ-ரிங் உட்காரும் பள்ளம் 1.5 மி.மீ. ஆழம், 2.7 மி.மீ. அகலம், அதாவது குறுக்குவெட்டில் சுமார் 4 சதுர மி.மீ. இடம். கம்பெனி ரிங் 2 மி.மீ. தடிமன், அதன் குறுக்குவெட்டு 3.1 சதுர மி.மீ. பள்ளத்தில் நசுங்கிப் பரவ அதற்கு இடமிருக்கிறது. உரிமையாளர் போட்ட ரிங் 2.5 மி.மீ., குறுக்குவெட்டு 4.9 சதுர மி.மீ. ரப்பர் வடிவம் மாறுமே தவிர கன அளவில் சுருங்காது. 4 சதுர மி.மீ. பள்ளத்துக்குள் 4.9 எப்படிப் போகும்? திருகு இருக்கும் இடங்களில் மூடி வலுக்கட்டாயமாக அமுங்கியது. திருகு இல்லாத நடுப்பகுதியில் ரிங் மூடியைத் தூக்கி, பிளாஸ்டிக் வில்லாக வளைந்து நின்றது. மூடியை மேசைமேல் கவிழ்த்து ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அந்த வளைவு கண்ணுக்கே தெரிந்தது. ஓ-ரிங் ஏறத்தாழ கால் பங்கு நசுங்கி உட்காருவது ஆரோக்கியம். அதைவிட இறுக்கினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்பது பலருக்கும் இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இந்த மூடியை வளைத்தது.

ஆழத்தில் தாங்கியதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. 2 மீட்டர் ஆழத்தில் வெளியிலிருந்து வரும் சுமார் 200 மில்லிபார் அழுத்தம் அந்த வளைந்த மூடியையே உள்ளே தள்ளி இடைவெளியை அடைத்துவிடுகிறது. மேலோட்டமான தண்ணீரில் அந்தத் தள்ளல் இல்லை. நீருக்கடியில் படமெடுப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம்; அவர்களுடைய கேமராப் பெட்டிகளிலும் மூடித் தவறு பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே தண்ணீரை உள்ளே விடும்.

ஏன் அந்த மதியம்?

இடைவெளி மட்டும் இருந்தால் போதாது, தண்ணீரை உள்ளே இழுக்க ஒரு விசை வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழேதான் இருக்கும். அந்த அழுத்தம் 20 மில்லிபார். கிரீஸ் தடவிய மெல்லிய இடைவெளியில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைத் தள்ள அது போதுமென்று எனக்குத் தோன்றவில்லை. அன்று வேறென்ன நடந்தது என்று கேட்டேன். வெயிலில் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து பேட்டரியை மாற்றி, மூடியைத் திருகிவிட்டு நேராகக் கடலுக்குள் இறங்கியதாகச் சொன்னார்.

பெர்த்தின் பிப்ரவரி வெயிலில் மூடிய காருக்குள் 55 டிகிரி சாதாரணம். கடல் 22 டிகிரி. மூடிய பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம். கெல்வின் கணக்கில் 328-லிருந்து (55 டிகிரி) 295-க்கு (22 டிகிரி) இறங்கினால் அழுத்தத்தில் 10 விழுக்காடு போய்விடும், அதாவது ஏறக்குறைய 100 மில்லிபார் வெற்றிடம். பெட்டியை ஒரு மீட்டர் ஆழத்தில் வைத்திருப்பதற்குச் சமம். அதுவும் நடக்கும் நேரம் முழுக்க. அந்தக் கருவிக்குள் காற்றுக்கான இடம் சுமார் 300 மில்லிலிட்டர். அதில் 10 விழுக்காடு என்றால் 30 மில்லிலிட்டர் தண்ணீர் ஏறினால் உள்ளும் புறமும் சமமாகும். நான் அளந்தது இரண்டு மேசைக்கரண்டிக்கு, அதாவது 30 மில்லிலிட்டருக்கு, கொஞ்சம் குறைவு. கணக்கு பொருந்துகிறது.

இங்கேதான் ஸ்பீக்கரை அடைத்தது வினையாகிறது. இந்த வகைக் கருவிகளில் ஸ்பீக்கர் துளைக்குப் பின்னால் காற்றை விடும், தண்ணீரை விடாத மெல்லிய சவ்வு இருக்கும். ஒலி வெளியேறும் வழியும் பெட்டி மூச்சுவிடும் வழியும் இந்த மாடலில் அது ஒன்றுதான். சவ்வு திறந்திருந்தால், காரிலிருந்து எடுத்த கருவியை நிழலில் சிறிது நேரம் வைத்திருந்தாலே காற்று உள்ளே திரும்பி வெற்றிடம் தீர்ந்திருக்கும். சூடாகவே கடலில் இறக்கினால் சவ்வும் உதவாது, நீருக்கடியில் அதற்குக் காற்று கிடைக்காது. ஆனால் சீலன்ட் வைத்து அடைத்த பிறகு, நிழலில் வைத்தாலும் அந்த வெற்றிடம் தீர அந்த வழி இல்லை. காலை வேளைகளில் வீட்டில், குளிர்ந்த அறையில் மூடியைத் திருகினார். உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்று, உறிஞ்சல் இல்லை. ஆக, தடித்த ரிங் வழியைத் திறந்தது, காரின் சூடு உறிஞ்சியது, அடைத்த சவ்வு அந்த உறிஞ்சல் பாதுகாப்பாகத் தீரும் வழியை மூடி வைத்திருந்தது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது அந்த மதியத்தில்.

உத்தரவாதம் எதைச் சொல்கிறது

தூசியும் தண்ணீரும் எந்த அளவுக்குப் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி எண்களுக்கு அடிப்படையான ஐஇசி 60529 தரத்தைப் பார்த்தால் இதற்கு ஒரு முக்கியமான குறிப்பு கிடைக்கும். நீரில் மூழ்கடிக்கும் சோதனையில் தண்ணீருக்கும் கருவிக்கும் வெப்பநிலை வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். ஐபி 67 என்றால் 1 மீட்டர், 30 நிமிடம். ஐபி 68 என்றால் அதைவிடக் கடுமையாக, ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் சொல்வது. 33 டிகிரி வேறுபாட்டோடு உப்புக் கடலில் இறக்குவது அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. பெட்டியில் எழுதிய எண்ணை யாரும் பொய்யாக எழுதவில்லை. அது எந்த நிலைமைக்கானது என்பதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை என்பதே என் வருத்தம்.

கழுவுவதிலும் இதே சிக்கல் உண்டு. மூழ்கும் சோதனையில் தேறிய கருவி தண்ணீர்ப் பாய்ச்சலையும் தாங்கும் என்று அந்தத் தரம் சொல்வதில்லை, அதற்குத் தனி எண். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் தோட்டக் குழாய்த் தண்ணீர் மூடியின் இடுக்கில் நேராக மோதினால் அந்தப் புள்ளியில் 5 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் விழும். கடலிலிருந்து வந்ததும் வாளியில் ஊறவைத்து அலசுங்கள், பீய்ச்சி அடிக்க வேண்டாம்.

தயாரிப்பாளர்களும் இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கிறார்கள். மைன்லேப் நிறுவனத்தின் பழைய எக்ஸ்காலிபர் 200 அடி வரை போகும். உருளை வடிவக் கூடுகள், காயிலும் (தரையைத் தேடும் வட்டப் பகுதி) ஹெட்போனும் கழற்ற முடியாதபடி நேரடியாக இணைப்பு. அழுத்தத்தை உருளை சமமாகப் பகிரும், திறக்கும் இடங்களும் குறைவு. திரையும் பொத்தான்களும் கொண்ட தட்டையான பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. 2012-இல் வந்த சிடிஎக்ஸ் 3030-க்கும் 2018-இல் விற்பனைக்கு வந்த ஈக்வினாக்ஸ் 800-க்கும் 3 மீட்டர்தான் வரம்பு. ஈக்வினாக்ஸ் 900-க்கு அது 5 மீட்டரானது. எக்ஸ்பி டியூஸ் 2 காயிலுக்கும் ரிமோட்டுக்கும் இடையே கம்பியில்லாத் தொடர்பு கொண்டது, 20 மீட்டர் வரை அனுமதி. ஆனால் ரேடியோ அலை தண்ணீரில் ஓடாது என்பதால் நீருக்கடியில் அதற்கும் ஒரு ஆண்டெனாக் கம்பியை மாட்டியாக வேண்டும்.

செய்த பழுதுபார்ப்பு

அதே மாடலின் செத்துப்போன கருவி ஒன்றிலிருந்து வெடிப்பில்லாத மேல்கூடும் மூடியும் கிடைத்தன. கரைந்த செப்புத் தடங்களுக்குப் பதிலாக மெல்லிய கம்பி ஓட்டி, போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு அடித்தேன். காற்றுவிடும் புதுச் சவ்வை ஒட்டினேன். 2 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங், அதன்மேல் பளபளப்பு மட்டும் தெரியும் அளவுக்குச் சிலிக்கோன் கிரீஸ். கிரீஸ் ரிங்கை வழுக்கிச் சரியாக உட்கார வைக்கத்தான். அப்பி வைத்தால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரிங் சிலிக்கோன் ரப்பராக இருந்தால் சிலிக்கோன் கிரீஸே கூடாது, ஊதிப் போகும்.

உரிமையாளருக்குக் கனெக்டரை விட மனமில்லை. பிடிவாதமாகக் கேட்டார், எனக்கும் மறுக்கக் காரணம் தெரியவில்லை. துளை போடுவதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு துளை போட்ட நிமிடத்திலிருந்து அந்தக் கருவியின் நீர்புகாமைக்குப் போட்டவர்தான் தயாரிப்பாளர், தொழிற்சாலையில் நடக்க வேண்டிய சோதனையை அவர்தான் நடத்த வேண்டும். வாரண்டி அங்கேயே முடிந்துவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புதுக் கூட்டில் அதே கனெக்டரைத் திருகுப் பசை இல்லாமல், பல் வாஷர் வைத்து இறுக்கிக் கொடுத்தேன்.

கடைசிச் சோதனையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவ்வு காற்றை விடும் என்பதால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உறிஞ்சினால் எந்தப் பெட்டியும் தோற்கும். தற்காலிகமாக அதன்மேல் டேப் ஒட்டி, 100 மில்லிபாரிலும் 300 மில்லிபாரிலும் தனித்தனியாக அரை மணி நேரம் வைத்தேன். இரண்டிலும் முள் அசையவில்லை. குறைந்த அழுத்தத்தில் சோதிப்பதைத் தவிர்த்து நேராக அதிகத்துக்குப் போயிருந்தால் பழைய மூடிகூட ஓரளவு பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். டேப்பை உரித்த பிறகு, சவ்வுக்கு எதிரே கூட்டின்மேல் மார்க்கர் பேனாவால் ‘அடைக்காதே’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இப்போது பேட்டரியை வீட்டிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புகிறார். கடற்கரையில் இறங்கியதும் கருவியை நிழலில், ஈரத் துணி சுற்றி வைத்துவிட்டு, கையில் எடுத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால் மட்டும் தண்ணீருக்குள் போகிறார்.